ஆணியா, மருவா?

உள்ளங்காலில் முளைக்கும் சிறு முடிச்சு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. பல சமயம் தானாகவே போய்விடும். ஆபத்து அதை அறுக்க எடுக்கும் பிளேடில் இருக்கிறது.

பல வீடுகளின் குளியலறை ஜன்னலில் அது கிடக்கும். குறுக்கே ஒடித்த, ஓரத்தில் துரு ஏறிய பாதி பிளேடு. தோல் ஊறி மெத்தென்று இருக்கும் நேரம் பார்த்து, குளித்து முடித்த கையோடு வீட்டுப் பெரியவர் முக்காலியில் உட்காருவார். ஒரு காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவார். 'ஆணி' மெல்லிய சீவல்களாக உதிரும். ஒரு சொட்டு ரத்தம் வரும். மேலே ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். பத்து நாளைக்கு நிம்மதி. பிறகு மறுபடியும் பிளேடு.

இந்தச் சடங்கு இந்தியா முழுவதும் நடக்கிறது. பெயர்தான் மாறுகிறது. இந்தி பேசுவோருக்கு அது 'கோக்ரூ'. அதாவது நெருஞ்சி முள். மிதித்தால் எப்படி வலிக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தெலுங்கில் 'ஆனெகாய'. மலையாளத்தில் தமிழைப் போலவே 'ஆணி'.

சிக்கல் இந்தப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. ஆணி என்று மக்கள் காட்டுவதில் குறைந்தது இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உண்மையான கால் ஆணி. செருப்பு ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தோல் இறுகிப் போவதால் வருவது. யாருக்கும் தொற்றாது. மற்றொன்று மரு. கையிலும் முகத்திலும் வருகிற, இந்தியில் 'மஸ்ஸா', தெலுங்கில் 'புலிபிரி', மலையாளத்தில் 'அரிம்பாறை' என்று சொல்லப்படுகிற அதே மரு, உள்ளங்காலில் முளைத்தது. அதற்குக் காரணம் ஒரு வைரஸ். ஆணியைச் சீவினால் ஆணி திரும்ப வரும். மருவைச் சீவினால் மரு பக்கத்து இடத்துக்கும் பரவலாம். அதே பிளேடை எடுக்கும் அடுத்தவர் காலுக்கும் போகலாம்.

தோலின் மாடியில் குடியிருப்பவன்

மரு தொற்றக்கூடியது என்ற சந்தேகம் டாக்டர்களுக்கு வந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. 1891-ல் ஜோசஃப் பெயின் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒரு குழந்தையின் மருவைத் தன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கொஞ்ச நாளில் அவருடைய அந்த விரலிலேயே மரு முளைத்தது. 1907-ல் ஜியூசெப்பே சூஃபோ என்ற இத்தாலிய டாக்டர் விஷயத்தை நிரூபித்தார். மருவை அரைத்து, பாக்டீரியாக்களால் நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். மரு வந்தது. வடிகட்டியைத் தாண்டி வந்தது பாக்டீரியாவைவிடச் சிறிய ஒன்று என்று உறுதியானது.

இன்று அதன் பெயர் ஹெச்.பி.வி., அதாவது ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் பதறுவதற்குக் காரணம், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதும் இதே குடும்பம்தான். அதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹவுஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குடும்பம்தான் ஒன்று, ஆட்கள் வேறு. புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமானவை 16, 18-ம் வகைகள். பாதத்தில் மரு உண்டாக்குபவை 1, 2, 4, 27, 57 போன்ற வகைகள். கால் மரு வந்தவருக்குப் புற்றுநோய் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. அதே காரணத்தால், புற்றுநோயைத் தடுக்கப் போடும் ஹெச்.பி.வி. தடுப்பூசி கால் மருவைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

வைரஸ் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஈரத்தில் ஊறிய பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு, ஒரு முள் குத்திய காயம், அது போதும். உள்ளே புகுந்து மேல்தோலின் அடி வரிசையில் உள்ள செல்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் செல்கள் வழக்கம்போல மேலே நகர்ந்து வரும்போது வைரஸும் கூடவே பெருகிக்கொண்டு வருகிறது. கடைசியில் உதிரும் செதில்களில் வைரஸ் நிறைந்திருக்கிறது. தொற்றிய பிறகு மரு கண்ணில் படச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை ஆகலாம். எங்கே ஒட்டிக்கொண்டது என்று பெரும்பாலோரால் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்த வைரஸ் மேல்தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. ரத்தத்தில் கலப்பதில்லை. இது நல்ல செய்தியும்கூட, கெட்ட செய்தியும்கூட. உடலின் மற்ற உறுப்புகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் மாடியில் சத்தமில்லாமல் குடியிருக்கும் இந்த ஆளை உடலின் எதிர்ப்புச் சக்தி மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இங்கே அடிபட்டுப் போகிறது. மருவுக்கு 'வேர்' கிடையாது. சந்தைகளில் ஆணி எடுப்பவர்கள் வேரோடு பிடுங்கியதாகக் காட்டுவது இறுகிய தோலைத்தான். உடல் எடை முழுவதும் மேலே அழுத்துவதால் பாதத்து மரு வெளியே வளர முடியாமல் உள்நோக்கி அமுங்கிக் கிடக்கிறது. வேர் போலத் தோன்றுவது அதனால்தான்.

மூன்று அடையாளங்கள்

எது ஆணி, எது மரு என்று கண்டுபிடிக்க ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. தோல் டாக்டர்கள் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்களை.

முதலாவது ரேகை. உள்ளங்கையைப் போலவே உள்ளங்காலிலும் நுண்ணிய ரேகைகள் ஓடுகின்றன. ஆணி இருக்கும் இடத்தில் அழுத்தத்தால் காய்ப்பு ஏறியிருந்தாலும் ரேகைகள் அதன்மேல் தொடர்ந்து ஓடும். மரு வந்த இடத்தில் ரேகை அறுந்துவிடும். ஓடையில் கிடக்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல, மருவைச் சுற்றி விலகிப் போகும்.

இரண்டாவது வலி. நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் விரலால் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு.

மூன்றாவது கறுப்புப் புள்ளிகள். மேலே உள்ள இறுகிய தோலைச் சற்று தேய்த்துவிட்டுப் பார்த்தால் மருவுக்குள் மிளகுத் தூள் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும். இவற்றை 'விதை' என்றும் மண் என்றும் நினைத்து ஊசியால் நோண்டுபவர்கள் உண்டு. உண்மையில் அவை ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். மருவைச் சீவினால் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிவதற்கும் அவைதான் காரணம். ஆணியின் நடுவில் அப்படிப் புள்ளிகள் இருக்காது. கண்ணாடி போன்ற கெட்டியான ஒரு மையம் மட்டும் இருக்கும்.

இருக்கும் இடமும் ஓரளவு துப்புக் கொடுக்கும். விரல் மூட்டின்மேல், சுண்டுவிரல் ஓரத்தில், செருப்பு கடிக்கும் இடத்தில் இருந்தால் ஆணியாக இருக்க வாய்ப்பு அதிகம். மரு எங்கே வேண்டுமானாலும் வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல சேர்ந்து தரையில் பதித்த ஓடுகள் போலப் பரவுவதும் உண்டு. இந்த வகை சீக்கிரம் போகாது. வயதும் ஒரு துப்பு. மரு அதிகம் வருவது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு. ஆணி அதிகம் வருவது நாளெல்லாம் நிற்பவர்களுக்கும், கால் விரல்கள் வளைந்தவர்களுக்கும், அளவு சேராத செருப்பு போடுபவர்களுக்கும். ஆணிக்கு முதல் மருந்து செருப்பை மாற்றுவதுதான்.

கோயிலா, வீடா?

வெறுங்காலில் நடப்பது இந்தியாவில் ஏழ்மையின் அடையாளம் மட்டுமல்ல. அது மரியாதை, பக்தி, பழக்கம். கோயிலிலும் மசூதியிலும் குருத்வாராவிலும் செருப்பைக் கழற்றியாக வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களில் பலர் 41 நாளும் செருப்பைத் தொடுவதில்லை. அப்படியானால் மரு அங்கிருந்துதான் வருகிறதா?

வரலாம். ஆனால் காய்ந்த தரையில், காயமில்லாத காலில் நடப்பவருக்கு அபாயம் குறைவு. வைரஸுக்குப் பிடித்தது ஈரம். பலர் வெறுங்காலோடு புழங்கும் நீச்சல் குளத்து ஓரம், ஹாஸ்டல் குளியலறை, ஜிம்மில் உடை மாற்றும் அறை, இவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள். பல நாடுகளில் டாக்டர்கள் நெடுங்காலமாக நீச்சல் குளத்தையே குறைசொல்லி வந்தார்கள். நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு வேறு பக்கம் கை காட்டியது. மரு வருவதோடு அதிகம் தொடர்புடையதாகத் தெரிந்தது பொது இடங்கள் அல்ல. வீட்டில் ஏற்கெனவே மரு உள்ளவர்களும், வகுப்பில் மரு உள்ள சக மாணவர்களும்தான்.

ஆகவே தடுப்பு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மரு உள்ளவருக்குத் தனித் துண்டு, தனிச் செருப்பு, தனி மிதியடி, தனியாகக் கால் தேய்க்கும் கல். குளியலறையில் இருக்கும்போது மருவின்மேல் நீர் புகாத பிளாஸ்திரி. குளித்ததும் விரலிடுக்கு உட்படப் பாதத்தை நன்றாகத் துடைப்பது. காலுறையைத் தினமும் மாற்றுவது. மருவைத் தொட்டால் கையைக் கழுவுவது. இவ்வளவுதான். மரு வந்த குழந்தையைப் பள்ளிக்கோ விளையாட்டுக்கோ நீச்சலுக்கோ அனுப்பாமல் நிறுத்தத் தேவையில்லை.

யாருக்குப் போகும் புகழ்?

மருவைப் பற்றிய மிக முக்கியமான உண்மை, அது பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது என்பது. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இரண்டு வருடத்துக்குள் மறைந்துவிடுகின்றன. எதிர்ப்புச் சக்தி ஒருநாள் வைரஸைக் கண்டுகொள்கிறது. பிறகு வேலை வேகமாக முடிந்துவிடும். பெரியவர்களுக்கு நாளாகும்.

இதனால் ஒரு வேடிக்கை. மரு மறையும் சமயத்தில் கடைசியாக எது செய்யப்பட்டதோ அதற்குப் புகழ் போய்ச் சேர்கிறது. வைத்தீஸ்வரன்கோவிலில் உப்பும் மிளகும் போட்டவருக்கும் மரு உதிர்கிறது. அம்மான் பச்சரிசிப் பால் தடவியவருக்கும் உதிர்கிறது. ஹோமியோபதியில் பெயர்பெற்ற தூஜா சாப்பிட்டவருக்கும் உதிர்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கால் மரு உள்ளவர்களுக்கு ஹோமியோபதி மருந்தையும் வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1992-ல் வெளியானது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

நேர்த்திக்கடனாலும் மாத்திரையாலும் காலுக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் வருவது எரிக்கும் வைத்தியத்தில். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, சேங்கொட்டைப் பால், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய், எருக்கம்பால், ஊதுபத்தி நெருப்பு. இவற்றுக்கு மருவுக்கும் நல்ல தோலுக்கும் வித்தியாசம் தெரியாது. மரு இருந்த இடத்தில் புண்ணும், புண் இருந்த இடத்தில் காலமெல்லாம் மிதிக்கும்போது வலிக்கிற தழும்பும் மிஞ்சும்.

அமிலம், குளிர், ஊசி

வலி இருந்தால், பரவினால், பார்க்கச் சங்கடமாக இருந்தால் சிகிச்சை எடுக்கலாம். அதிகம் ஆராயப்பட்டது மலிவான மருந்து: சாலிசிலிக் அமிலம். மருந்துக் கடையில் திரவமாகவும், வட்டப் பிளாஸ்திரியாகவும் கிடைக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, வெறும் பூச்சைவிட இது ஓரளவு பலன் தருகிறது என்று சொன்னது. அதிசயம் நடப்பதாகச் சொல்லவில்லை.

ரகசியம் மருந்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. இரவில் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்து எடுத்து, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவி, மருவின்மேல் மட்டும் மருந்து வைக்க வேண்டும். தினமும். சுமார் 12 வாரம். எரிச்சல் அதிகமானால் சில நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம். பெரும்பாலோர் இரண்டாவது வாரத்தில் சலித்துப் போய் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது குளிர் சிகிச்சை. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனை மருவின்மேல் பாய்ச்சி உறைய வைப்பது. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பல தடவை செய்ய வேண்டியிருக்கும். வலிக்கும். கொப்புளம் வரும். மாநிறத் தோலில் கொஞ்ச காலம் நிற மாற்றம் தெரியலாம். எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. இவ்வளவு பாடுபட்டால் அமிலத்தைவிட அதிகப் பலன் கிடைக்குமா? பிரிட்டனில் 240 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 12-வது வாரத்தில் இரண்டு சிகிச்சையிலும் முழுதாகக் குணமானவர்கள் 14 சதவீதம்தான். இரண்டும் சமம் என்பது மட்டுமல்ல, இரண்டுமே மெதுவானவை என்பதும் அதில் தெரிந்தது.

மின்சாரத்தாலோ லேசராலோ சுட்டு எடுப்பது வேகமான வழி. ஆனால் மரு திரும்ப வரலாம். பாதத்தில் தழும்பு விழுந்தால் அதுவே புதிய தொந்தரவு. அதனால் டாக்டர்கள் இதைத் தயங்கியே கையில் எடுக்கிறார்கள்.

இந்தியத் தோல் டாக்டர்கள் இப்போது அதிக ஆர்வம் காட்டுவது வேறொரு வழியில். மருவை அழிக்க முயல்வதற்குப் பதில், தூங்கும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தை ஒரே ஒரு மருவுக்குள் செலுத்துகிறார்கள். எதிர்ப்புச் சக்தி அங்கே ஓடி வருகிறது. வந்த இடத்தில் வைரஸையும் பார்த்துவிடுகிறது. பலன் கிடைத்தால் ஊசி போடாத மற்ற மருக்களும் சேர்ந்து மறைகின்றன. தில்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் டாக்டர் ஜி.பி. தல்வாரின் குழு தொழுநோய்க்காக உருவாக்கிய தடுப்பூசியையும் இந்த வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நோயாளியின் மருவிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து அவருடைய கையில் தோலுக்கு அடியில் புதைக்கும் முறையும் உண்டு. எதிரியை அவன் மறைவிடத்திலிருந்து வெளியே இழுத்துக் காவலர்கள் முன் நிறுத்துவது போல. இவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. ஆனால் பல மருக்கள் உள்ள, மற்ற சிகிச்சைகளில் தோற்றுப்போனவர்களுக்கு இவை ஒரு நம்பிக்கை.

உணராத கால்

இதுவரை சொன்னதெல்லாம் ஆரோக்கியமான கால்களுக்கு. இந்தியாவின் கவலை மற்ற கால்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். நோய் வரும் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. நாள்பட்ட சர்க்கரை நோய் பாதத்தில் இரண்டு வேலை செய்கிறது. நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை மழுங்கடிக்கிறது. ரத்தக் குழாய்களை அடைத்துப் புண் ஆறுவதைத் தடுக்கிறது. முதலாவதால் பிளேடு ஆழமாகப் போனது தெரிவதில்லை. இரண்டாவதால் அந்தக் காயம் ஆறுவதில்லை. விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலை வரை கொண்டுபோகக்கூடிய கதை பல சமயம் இப்படி ஒரு சின்ன வெட்டில் ஆரம்பிக்கிறது.

பிளேடு மட்டுமல்ல. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்திரியிலும் இருப்பது அமிலம்தான். உணர்ச்சியுள்ள கால் எரிகிறது என்று சொல்லும், ஆள் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிவார். உணராத கால் எதுவும் சொல்லாது. சர்க்கரை நோயாளிகளும், தொழுநோயால் காலில் உணர்ச்சி இழந்தவர்களும், கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களும் இதைத் தாங்களாகவே வாங்கி ஒட்டக் கூடாது என்பது இதனால்தான். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மரு அதிகமாகவும் பிடிவாதமாகவும் வரும். அவர்களும் நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அரிதாக, மரு என்று நினைப்பது மருவாகவே இருக்காது. கருமை நிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவதே அபூர்வம். வந்தால் அது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இடம் உள்ளங்காலும் நகத்தின் அடியும்தான். ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரலில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். முதலில் அது கால்பந்தாட்டத்தில் பட்ட காயமாகக் கருதப்பட்டது. 1981-ல் 36 வயதில் அவர் இறந்தார். காலில் வரும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்கும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக வந்து, நிறம் மாறி, பெரிதாகி, ரத்தம் கசிந்து, எந்த மருந்துக்கும் அசையாமல் இருப்பதை 'பழைய ஆணிதான்' என்று சீவிக்கொண்டே இருப்பது ஆபத்து. ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

குளியலறை ஜன்னலில் கிடக்கும் அந்தப் பாதி பிளேடு மருவைக் குணப்படுத்தியதாகச் சரித்திரம் இல்லை. அதைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுவது கால்களுக்கான முதல் சிகிச்சை.

டாக்டரிடம் எப்போது?

* சர்க்கரை நோய், காலில் மரத்துப்போன உணர்வு, ரத்த ஓட்டக் குறைவு, எதிர்ப்புச் சக்திக் குறைவு இருந்தால்: முதல் நாளே. வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

* ஆணியா மருவா என்று சந்தேகமாக இருந்தால்: மருந்து வாங்குவதற்கு முன்.

* வலியால் நடையே மாறினால், எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால்.

* சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால்: உடனே.

* 12 வாரம் ஒழுங்காக மருந்து வைத்தும் அசையவில்லை என்றால்.

* நிறம் மாறினாலோ, தானாக ரத்தம் வந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ: தள்ளிப்போடாமல்.

* குழந்தைக்கு வலியில்லாத மரு என்றால்: அவசரம் இல்லை. மூடி வைத்து, காலைக் காயவைத்து, காத்திருப்பதும் ஒரு சிகிச்சையே.